சித்தி பார்க்காத பலெர்மோ

எங்கட பக்கம் பலெர்மோ என்பது ஒரு நகரத்தின் பெயர் இல்லை, காசு வாற இடத்தின் பெயர். "அவையள் பலர்மோ" என்று ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால் மதில் கட்டியாச்சு, மாபிள் போட்டாச்சு, கிணத்துக்கு மோட்டர் பூட்டியாச்சு என்று விளங்கிக்கொள்ள வேண்டும். இத்தாலியின் தலைநகர் எது என்று கேட்டால் யோசிக்கிற கிழவிகள்கூட பலர்மோ என்றவுடன் யார் யாரின்ர பிள்ளையள் அங்கே என்று பட்டியல் வாசிப்பினம். 80களின் நடுப்பகுதியில் போன சிலர் தம்பியை இழுத்தார்கள், தம்பி மச்சானை இழுத்தான், மச்சான் பக்கத்து வீட்டை இழுத்தான். இன்றைக்கு அங்கே ஆயிரக்கணக்கில் தமிழர். பெரும்பாலும் வீட்டு வேலை, வயது போனவர்களைப் பார்க்கிற வேலை.

ஆனால் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. சித்தி அனுப்பின படங்களில் எப்பவும் ஒரு கதிரை, ஒரு கேக், பின்னுக்கு ஒரு திரைச்சீலை. மத்தியதரைக் கடலே ஒரு படத்தில்தான் வந்தது. அதிலும் முக்கால்வாசி சித்தப்பாவின் தோள்.

போன செப்ரெம்பரில் சித்தியின் மகளுக்கு (எனக்கு அக்கா முறை) கலியாணம். விசா கிடைத்தது தனி நாவல், அதை விடுவம். கலியாணம் முடிந்து நான் திரும்புறதுக்கு இடையில் நாலு நாள் இருந்தது. "உனக்கு ஊரைக் காட்டவேணும்" என்று சித்தி வேலை வீடுகளில் லீவு கேட்டா. அவ அங்கே போனது 1997 இல், நான் பிறக்க முதல். இருபத்தியெட்டு வருஷம் இருந்தவ காட்டினால் எவ்வளவு காட்டுவா என்று நான் நினைத்தேன்.

சித்திக்குப் பஸ் எல்லாம் தெரியும். எந்தக் கட்டிடத்தில் லிப்ற் இல்லை, எந்த மாடிக்கு எத்தனை படி, எந்தச் சந்தையில் பின்னேரம் மீன் மலியும் என்று எல்லாம் தெரியும். பழைய நகரத்தின் நடுவில் குவாத்ரோ காந்தி என்று ஒரு நாற்சந்தி இருக்கிறது. நாலு மூலையிலும் வளைந்த சுவர், ஒவ்வொன்றிலும் கீழே ஒரு நீரூற்று, மேலே ஒரு பருவகாலத்தின் சிலை, அதுக்கு மேலே ஒரு ஸ்பானிய அரசன், அதுக்கும் மேலே ஒரு புனிதை. நான் அண்ணாந்து நிற்க, சித்தி தெருவின் மறுபக்கத்து ஜன்னல் ஒன்றைக் காட்டி "அந்த வீட்டிலதான் நான் ஆறு வருஷம் நிண்டனான்" என்றா. ஆறு வருஷம் அந்த ஜன்னலைத் துடைத்தவ. கீழே நின்று சுவரை நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான் முதல்தரமாம்.

"நான் எப்ப பிள்ளை உதுகளைப் பாக்கிறது? ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அண்டைக்குத் தோய்க்கவேணும், சமைக்கவேணும், கோயிலுக்குப் போகவேணும்."

இப்படித்தான் நான் சித்திக்கு ஊர் காட்டுற ஆளானேன். கையில் போன், போனில் கம்பஸில் படித்ததை விடக் கொஞ்சம் கூடிய வரலாறு.

நோர்மன்களின் அரண்மனையில் ரிக்கற் விலை கேட்டவுடன் சித்தி பின்வாங்கிவிட்டா. ரெண்டு மணித்தியால வேலைக்காசு. இழுத்துக்கொண்டு போனேன். அந்த மாளிகையில் இப்பவும் சிசிலியின் சட்டசபை கூடுகிறது. அதனால் சில நாட்களில் சில பகுதிகளுக்கு விடமாட்டார்கள். ஆனால் பார்க்கவேண்டியது உள்ளே இருக்கிற அரச தேவாலயம், கப்பெல்லா பலத்தீனா. இரண்டாம் ரொஜர் என்ற நோர்மன் அரசன் கட்டி 1140 இல் அபிஷேகம் செய்யப்பட்டது. சுவர் முழுக்கத் தங்கப் பின்னணியில் சின்னச் சின்னக் கல் பதித்த படங்கள், அதில் கிரேக்க எழுத்து, லத்தீன் எழுத்து. இதெல்லாம் சித்திக்குப் புதிதில்லை, மாதா கோயில் மாதா கோயில்தானே. அவ மேலே பார்த்தா. மரக்கூரை. தேன்கூட்டைக் கவிழ்த்துப் பிடித்த மாதிரி அடுக்கடுக்காகக் குடைந்து, அந்தக் குழிகளுக்குள் வாத்தியம் வாசிக்கிறவர்கள், குடிக்கிறவர்கள், சதுரங்கம் விளையாடுகிறவர்கள் என்று நிறம் தீட்டியிருந்தது. ஓரங்களில் அரபு எழுத்து.

"உது பள்ளிவாசல் மாதிரியெல்லோ கிடக்கு?" என்றா சித்தி, மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடுமோ என்ற மாதிரி.

அது பள்ளிவாசல் இல்லை. ஆனால் அவ சொன்னது பிழையுமில்லை. 831 இல் அரபுக்கள் பலெர்மோவைப் பிடித்தார்கள். 1072 இல் நோர்மன்கள் வந்து பிடித்தார்கள். இடைப்பட்ட 240 வருஷத்தில் அது இஸ்லாமிய நகரம். வந்த நோர்மன் அரசர்களுக்கு அந்த அழகு பிடித்துப்போனது. அரபு எழுத்தர்களையும் தச்சர்களையும் தங்களோடு வைத்துக்கொண்டார்கள், தேவாலயத்துக்கும் அந்தக் கைவேலையைப் போட்டார்கள். இன்றைக்கும் நகரத்தின் வாயில் அரபு இருக்கிறது. கல்சா என்ற பகுதி, அல்-காலிஸா. பிரதான தெருவை ஊரார் கஸ்ஸாரோ என்பார்கள். அது அல்-கஸ்ர், கோட்டை. சீசா மாளிகை, அல்-அஸீஸா. கசாத்தா என்ற சீனி வழிகிற கேக்கும் அரபுச் சொல்லில் இருந்து வந்தது என்கிறார்கள். (சித்தியின் கலியாணவீட்டு மேசையில் கசாத்தாவுக்குப் பக்கத்தில் பயற்றம் பணியாரம் இருந்தது. இரண்டும் நல்லாத்தான் ஒத்துப்போனது.)

இது எல்லாவற்றையும் நகரம் இப்போது பெருமையாகச் சொல்கிறது. 2015 இல் "அரபு-நோர்மன் பலெர்மோ" என்ற பெயரில் இந்தக் கட்டிடங்களை, பக்கத்து ஊர்களான செஃபலு, மொன்ரியாலே பேராலயங்களையும் சேர்த்து, யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது. போகிற இடமெல்லாம் அந்தப் பெயர்ப்பலகை. பல இனம், பல மதம், ஒன்றாக வாழ்ந்த நகரம் என்று விளக்கம்.

பேராலயத்தின் தெற்கு வாசலில் ஒரு தூண் இருக்கிறது. நாங்கள் உள்ளே போகும்போது இடப்பக்கம். அதில் குர்ஆன் வசனம் செதுக்கியிருக்கிறது. அந்த இடத்தில் முதலில் தேவாலயம், பிறகு பள்ளிவாசல், பிறகு 1185 அளவில் தொடங்கிக் கட்டின இப்போதைய பேராலயம். பழைய கட்டிடத்துத் தூணை எடுத்து வாசலில் வைத்துவிட்டார்கள். ஆக்கள் வரிசையாக நின்று அந்த எழுத்தோடு படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். உள்ளே போனால் சிவப்புக் கல் கல்லறைகள். அதில் ஒன்று இரண்டாம் பிரெடெரிக் சக்கரவர்த்தியுடையது. அரபு தெரிந்த, அறிவாளிகளைக் கூட்டி வைத்திருந்த அரசன் என்று சுற்றுலாப் புத்தகங்கள் கொண்டாடுகிற ஆள்.

அந்த ஆள்தான் சிசிலியின் முஸ்லிம்களைக் கடத்தினது. நோர்மன் ஆட்சியின் கடைசியில், 1189 இல், பலெர்மோவில் முஸ்லிம்கள் மேல் பெரிய தாக்குதல் நடந்து, தப்பினவர்கள் மலைப்பக்கம் ஓடினார்கள். அங்கே எதிர்த்து நின்றவர்களை 1220களில் இருந்து பிரெடெரிக் பிடித்துப் பிடித்துக் கப்பலேற்றி, இத்தாலியின் பெருநிலப்பரப்பில் லூசேரா என்ற ஊரில் கொண்டுபோய்க் குடியேற்றினான். 1300 இல் வேறொரு அரசன் அந்த ஊரையும் அழித்து, இருந்தவர்களை அடிமைகளாக விற்றான். கதை அதோடு முடிந்தது. யூதர்களுக்கு வேறு திகதி: ஸ்பானிய ஆட்சியின் 1492 ஆணை.

வெளியே தூண். உள்ளே தூணின் ஆக்களைத் துரத்தினவனின் கல்லறை. இரண்டுக்கும் இடையில் முப்பது நாப்பது அடி இருக்கும். இரண்டையும் சேர்த்துச் சொல்லுகிற பலகை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. எனக்கு அந்த இடத்தில் கோபம் வந்தது. துரத்திவிட்டு, போனவர்களின் தச்சுவேலைக்கு ரிக்கற் விற்கிறார்கள் என்று.

கோபம் வெளியே வந்து படியில் இருந்து தண்ணி குடிக்கிற வரைக்கும்தான் நின்றது. ஏனென்றால் எனக்கு ஐந்துசந்தி ஞாபகம் வந்தது.

யாழ்ப்பாணம் வாற ஒருத்தரை நாங்கள் எங்கெங்கே கூட்டிக்கொண்டு போவம்? கோட்டை, நூலகம், நல்லூர், கீரிமலை, கசூரினா, நேரமிருந்தால் நயினாதீவு, கடைசியில் ஐஸ்கிறீம். சோனகதெருவுக்கு நான் யாரையாவது கூட்டிக்கொண்டு போயிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். கோட்டையில் இருந்து நடக்கிற தூரம். பெரிய பள்ளிவாசல் இருக்கிறது, ஒஸ்மானியாக் கல்லூரி இருக்கிறது, கூரை இல்லாமல் ஆலமரம் முளைத்த வீடுகளும் இன்னும் இருக்கின்றன. 1990 ஒக்ரோபர் 30 காலையில் அந்தச் சனத்தை மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். நகை, காசு, சாமான் எல்லாம் விட்டுவிட்டுப் போகவேண்டும். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுக்க 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் போய் விழுந்தார்கள். 2002 சமாதான காலத்தில் திரும்பி வருவது பற்றிப் பேச்சு நடந்து உடன்பாடும் எழுதினார்கள். 2009க்குப் பிறகு கொஞ்சக் குடும்பங்கள் வந்திருக்கின்றன. கனபேர் இன்னும் அங்கே பாதி, இங்கே பாதி.

"சோனகர்" என்ற சொல்லே எங்களை மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுபோகிறது. சங்கப் பாடல்களில் கப்பலேறி வாற யவனர், கிரேக்க உரோமப் பக்கத்து ஆக்கள். யவனர், யோனகர், சோனகர் என்று அந்தச் சொல் உருமாறி, பிறகு அரபுக்களைக் குறித்து, கடைசியில் எங்களோடு தமிழ் கதைக்கிற, எங்கட கடலில் மீன் பிடிக்கிற, எங்கட சட்டை தைக்கிற சனத்தின் பெயராக நின்றது. நல்லூர்க் கோயில் வளவுக்குள் ஒரு முஸ்லிம் பெரியாரின் சமாதி இருந்தது என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. சின்னனில் கேட்டிருக்கிறேன். இப்போது அந்தக் கதையைச் சொல்லுகிற ஆக்களும் குறைவு. பலெர்மோக்காரர் தங்கட தூணைக் காட்டியாவது படம் எடுக்க விடுகிறார்கள்.

எண்ணூறு வருஷம் கழித்துப் பெருமைப்படுவது லேசு, அதுவும் எனக்குத் தெரியும். லூசேராவில் இருந்து "என்ட வீட்டுத் திறப்பைத் தா" என்று கேட்டு வர ஒருத்தரும் இல்லை. எங்கட விஷயத்தில் கேட்கிற ஆள் புத்தளத்தில் உயிரோடு இருக்கிறார். காணி உறுதியும் வைத்திருக்கிறார்.

மூன்றாம் நாள் சீசா மாளிகைக்குப் போனோம். சும்மா சதுரமான பெரிய கட்டிடம், நோர்மன் அரசர்கள் வெயில் காலத்தில் குளிர்ச்சிக்கு வந்து இருக்கக் கட்டினது. உள்ளே ஓடுகிற தண்ணியும் காற்று வழியும் வைத்து வெக்கையைக் குறைத்திருக்கிறார்கள். எங்கட இன்ஜினியர்மார் ஒருக்கால் போய்ப் பார்க்கலாம். அதற்குள் அருங்காட்சியகத்தில் ஒரு கல்லறைக் கல். 1149 ஆம் ஆண்டு. அன்னா என்ற ஒரு பெண்ணுக்காக, பாதிரியாரான அவவின் மகன் வைத்தது. நாலு பக்கம், நாலு எழுத்து: லத்தீன், கிரேக்கம், அரபு, பிறகு எபிரேய எழுத்தில் எழுதின அரபு. செத்தது ஒரு கிறிஸ்தவத் தாய். ஆனால் நகரத்தில் உள்ள எல்லாரும் வாசிக்கவேணும் என்று மகன் நினைத்திருக்கிறான். எங்களிடமும் அப்படி ஒரு கல் உண்டு: 1411 இல் சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹே காலியில் வைத்தது, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அது ஒரு பேரரசின் கல். இது அம்மாவுக்கு மகன் வைத்த கல். நான் அதற்கு முன்னால் கனநேரம் நின்றேன். சித்தியும் நின்றா. "எங்கட அம்மாவுக்கு 31க்கு அடிச்ச கல்வெட்டும் ஒரு மொழியிலதான்" என்றா.

திரும்பி வரும்போது பழைய யூதர் பகுதிக்குள்ளால் நடந்தோம். அங்கே தெருப் பெயர்கள் இத்தாலியன், எபிரேயம், அரபு என்று மூன்று மொழியில் போட்டிருக்கிறார்கள். நான் விளக்கம் சொல்ல, சித்தி பலகையை நல்லாப் பார்த்துவிட்டுக் கேட்டா:

"எபிரேயம் வாசிக்கிற ஆக்கள் இப்ப இதில இருக்கினமே?"

"அநேகமா இல்லை சித்தி."

"அப்ப எங்கட ஆக்கள் இத்தினை பேர் இருக்கிறம், தமிழில போடலாந்தானே?"

சிரிப்புக்குத்தான் கேட்டா. ஆனால் அந்த நகரத்தைப் பற்றி நான் வாசித்த எதிலும் இவ்வளவு சரியான கேள்வி இல்லை. இருந்து துடைக்கிறவர்களுக்குப் பெயர்ப்பலகை இல்லை. போய்விட்டவர்களுக்கு மூன்று மொழியில் உண்டு. அதேநேரம், அடுத்த சந்தியில் பல்லரோ சந்தை. அங்கே முருங்கைக்காய் விற்கிறது, கறித்தூள் விற்கிறது, கடலை மாவைப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருகிற பனெல்லேயைத் தமிழ்ப் பெடியன் ஒருத்தன் இத்தாலியனில் கூவி வாங்குகிறான். பலகை இல்லாமலே ஊர் மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

கல்சாப் பகுதியில் கூரையில்லாத ஒரு தேவாலயமும் பார்த்தோம், ஸ்பாசிமோ. நடுவில் மரங்கள் வானத்துக்கு வளர்ந்திருக்கின்றன, கச்சேரி எல்லாம் வைப்பார்களாம். அந்தப் பகுதி 1943 குண்டுவீச்சில் நல்லா அடிவாங்கினது. இடிபாடுகளைப் பல பத்து வருஷம் அப்படியே விட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு இடிந்த சுவரைக் காட்டி விளக்கம் சொல்லத் தேவையில்லை. சித்தி அதில் நிழலில் இருந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினா, அவ்வளவுதான்.

கடைசி நாள் நான் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை. சித்தி காலையிலேயே குளித்து, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு நின்றா. இது அவவின் பலெர்மோ: பெல்லெக்ரீனோ மலை, சாந்தா ரொசாலியா. 1624 இல் கொள்ளைநோய் வந்தபோது, இந்த மலைக்குகையில் கண்டெடுத்த புனிதையின் எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுபோக நோய் நின்றது என்பது நம்பிக்கை. யூலையில் நகரமே தெருவில் இறங்கித் திருவிழாச் செய்யும். செப்ரெம்பர் 4 இல் மலைக்கு நடந்து ஏறுவார்கள். ஆனால் மற்ற ஞாயிறுகளில் அங்கே போனால் ஏறுகிற ஆக்களில் எங்கட சனம் கொஞ்ச நஞ்சமில்லை. வேதக்காரரும் வருகினம், சைவக்காரரும் வருகினம். சித்தி பக்கா சைவம். நேர்த்தி வைத்துத்தான் அக்கா பிறந்தவவாம். விசா நேர்த்தி, வேலை நேர்த்தி, என்ட விசாவுக்குக்கூட ஒரு மெழுகுதிரி போயிருக்கிறது.

குகைதான் கோயில். பாறையில் இருந்து தண்ணி சொட்டும். அது ஆக்களின் தலையில் விழாமல் தகரப் பீலிகள் வளைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக்குள் தங்க அங்கி போட்டுப் படுத்திருக்கிற சின்னப் பெண் சிலை. எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா தமிழில் முணுமுணுத்துக்கொண்டு நின்றா. எந்தச் சாமிக்கு எந்தப் பாட்டு என்று யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்து கடல் தெரிகிற மதிலில் இருந்தோம். நான் தூண் கதையை, லூசேராக் கதையைத் திரும்பவும் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தான் ஒன்று சொல்லத் தொடங்கினா. அம்மாவும் எனக்கு இதுவரை சொல்லாத கதை.

அப்போது அவைக்கு வீடு நாவாந்துறைப் பக்கம். சித்திக்குப் பதினைஞ்சு வயது. அம்மம்மாவுக்குச் சட்டை தைக்கிற ஒரு முஸ்லிம் அக்கா பக்கத்து ஒழுங்கையில் இருந்தவ. அன்றைக்குக் காலையில் அவவும் தகப்பனும் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து பின்வாசலில் வைத்துவிட்டு, "ரெண்டு மூண்டு கிழமையில வந்திடுவம், பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். காலால் மிதிக்கிற மெஷின். அம்மம்மா அதைச் சீலையால் மூடி அறைக்குள் வைத்தவ. ஒருத்தரையும் தொடவிடுறதில்லை. தன்ட சட்டை கிழிந்தாலும் கையாலதான் தைப்பாவாம்.

"பேந்து?"

"பேந்து தொண்ணூத்தஞ்சு வந்திட்டுதே. அதுவும் ஒக்ரோபர் முப்பதுதான். நாங்களும் வெளிக்கிட்டம். ஒரு சூட்கேஸ், அரிசி, அம்மப்பாவின்ர மருந்து. மெஷினைத் தூக்க ஏலுமே? அடுத்த வருஷம் சாவகச்சேரியால திரும்பி வந்து பாத்தா மெஷினும் இல்லை, அந்த அறைக்குக் கதவும் இல்லை."

கீழே பலெர்மோ முழுக்கத் தெரிந்தது. பேராலயம் எந்தப் பக்கம் என்று சித்திக்கு இப்போது தெரியும், கையால் காட்டினா.

"அம்மா சாகும்வரைக்கும் அதைத்தான் யோசிச்சவ. அவையள் வந்து கேட்டா என்ன சொல்லுறது எண்டு. ஒருத்தரும் வந்து கேக்கேல்லை."